உபதேசியாருக்குப் பறக்காத பறவை

எல்லைச் சண்டை நடந்த வருஷங்களைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் போலீஸ், ஊர்வலம், தார் பூசிய பெயர்ப்பலகை என்றுதான் தொடங்குவார்கள். எனக்கு அதெல்லாம் ரெண்டாம் பட்சம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, கொல்லயில் பக்கம் இருந்த எங்கள் சபையில், அந்த வருஷங்களில் ஆளுக்கு ஆள் கடித்துக் குதறிக்கொண்டது ஒரு பறவைக்காக. அந்தப் பறவையை உண்டாக்கினவள் நான். அது பறக்கவில்லை என்பதுதான் என்மேல் சுமத்தின குற்றம்.

அப்போது நான் மிஷன் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபிறகு ஓய்வுநாள் பள்ளியும் நான்தான் எடுத்தேன். நாகர்கோவிலிலிருந்து பிள்ளைகளுக்கென்று தமிழில் ஒரு மாதப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. மெல்லிசு தாள், அட்டையில் மங்கலாக ஒரு படம். அதில் நான் ஒரு தொடர்கதை எழுதினேன். ஒரு உபதேசியாரும் அக்காள் தங்கை ரெண்டு பிள்ளைகளும் பாசி பிடித்த குளப்படியில் வழுக்கி விழுந்து, குளத்துக்கு அடியிலே இருக்கிற ஒரு நாட்டுக்குப் போய்ச் சேருகிறார்கள். அங்கே ஒரு பறவைராசாவும் அவனுடைய பறவைகளும்தான் அரசாளும். அந்த நாட்டில் யாராவது செபம் பண்ணினால், அது வாயிலிருந்து ஒரு பறவையாகப் பறந்து போகும். பறவை மேலே போய் தண்ணீரைத் தொட்டால் குளம் திறந்து வழிவிடும். அக்காள் செபித்தால் மைனா பறக்கும், தங்கச்சி செபித்தால் ஊர்க்குருவி பறக்கும். ரெண்டுக்கும் பாதி உயரந்தான் பலம், திரும்பி வந்துவிடும். உபதேசியார் செபித்தால் ஒன்றுமே பறக்காது.

அவ்வளவுதான் கதை. இதற்காக என்னை என்ன பாடு படுத்தினார்கள் தெரியுமா?

அவருக்கு ஏன் பறக்கவில்லை என்று அப்போது எல்லாரும் கேட்டார்கள். எனக்குப் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. முதல் மாசமே பறவை பறந்து குளம் திறந்துவிட்டால் எல்லாரும் வீட்டுக்குப் போய் சாப்பிட்டுப் படுப்பார்கள், கதை தீர்ந்தது. பெரியவருக்குப் பறக்காமல் இருந்தால்தான் பிள்ளைகள் அடுத்த மாசமும் தேடி வரும். கதை கட்டுகிற எவளுக்கும் இது தெரியும். சபைக் கமிட்டிக்குத் தெரியவில்லை.

வீட்டு நிலவரத்தையும் சொல்லவேண்டும். எங்கள் சபையின் நிஜ உபதேசியார் என் மாமனார். ஐயர் என்று நாங்கள் சொல்லுகிற போதகர் திருவிருந்து கொடுக்க எப்போதாவது வருவார். மற்றபடி பிரசங்கம், வீட்டு செபம், நோயாளியைப் பார்ப்பது, சவம் அடக்குவது எல்லாம் உபதேசியார் தலையில். என் வீட்டுக்காரர் மலைமேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் உத்தியோகம், கிறிஸ்துமசுக்குத்தான் இறங்குவார். மாமியாரை நான் பார்த்ததே இல்லை, என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டாள். ஆக வீட்டில் அவரும் நானும் மட்டும். எங்களுக்குள் சுத்தமாக ஆகாது. நான் சத்தமாகச் சிரித்தால் குற்றம், அடுப்புப் பக்கம் புத்தகம் வைத்திருந்தால் குற்றம், சாளை மீனுக்குப் புளி கூடினால் குற்றம். அவர் செருப்பைக் கழற்றி வைக்கிற சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். மறைத்து என்ன ஆகப்போகிறது, வெறுப்புத்தான்.

இந்த வெறுப்பில் சோற்றுக்கும் பங்கு உண்டு. எங்கள் சபைக் குடும்பங்களில், பெண்கள் அரிசி களையும் முன்னே ஒரு பிடி அள்ளித் தனியே ஒரு பானையில் போடுவார்கள். பிடியரிசி என்று பெயர். அது சபைக்கு. உபதேசியார் துணிச் சஞ்சியும் குடையுமாக வீடு வீடாகப் போய் அதை வாங்கி வருவார், அதில் ஒரு பங்கு அவர் குடும்பத்துக்கு. ஒரு வீட்டில் சிவப்பரிசி, ஒரு வீட்டில் புழுங்கல், இன்னொரு வீட்டில் பழைய பச்சரிசி. எல்லாம் ஒரே சஞ்சியில் விழும். அதனால் எங்கள் வீட்டுச் சோறு ஒருநாளும் ஒரு பதத்தில் வெந்ததில்லை. ஒன்று குழைந்திருக்கும்போது இன்னொன்று பல்லில் கடிபடும். அதற்கும் மாமா என்னைத்தான் திட்டுவார்.

என் கதையில் வந்த உபதேசியாருக்கு ஒரு கறுத்த குடையும் ஒரு அரிசிச் சஞ்சியும் கொடுத்திருந்தேன். அது போதாதா? பத்திரிகை வந்த மறுநாளே மாமா கையில் அதைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்.

"உனக்கு எழுத வேற ஆளு கிடைக்கல்லியா பிள்ளே? ஒரு வைத்தியனெ எழுது, ஒரு சந்தைக்காரனெ எழுது. உபதேசியாரு என்னத்துக்கு?"

"நான் பாத்த உபதேசியாரு நீங்க ஒருத்தருதானே மாமா."

"அப்பம் அது நானாக்கும்."

"குடை உங்களுக்குள்ளது. சஞ்சியும் உங்களுக்குள்ளது. ஆளு நீங்க இல்லெ."

அவர் நம்பவில்லை. சபையில் ஒருத்தரும் நம்பவில்லை.

பிள்ளைகளுக்கோ அந்தக் கதை என்றால் உயிர். பள்ளிக்கூட முற்றத்தில் ஒருத்தி செபிப்பாள், இன்னொருத்தி கையை விரித்துக்கொண்டு மைனாவாக ஓடுவாள். உபதேசியாராக நிற்கிறவள் வாயை வாயைத் திறந்து மூடுவாள், ஒன்றும் வராது, எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஞாயிற்றுக்கிழமை மாமா ஆராதனையில் செபம் தொடங்கும்போது முன்வரிசைப் பிள்ளைகள் கூரையைப் பார்ப்பார்கள். பறவை போகிறதா என்று பார்க்கிறதாம்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஊரே ரெண்டுபட்டுக் கிடந்த காலம் அது. நெய்யாற்றின்கரை தாலூகா தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று பாதிப்பேர், இங்கேயே, மலையாள ராஜ்யத்திலேயே நிற்கவேண்டும் என்று பாதிப்பேர். தெற்கே போலீஸ் துப்பாக்கியால் வெடி வைத்து ஆட்கள் செத்த பிறகு, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடினவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆராதனை தமிழிலா மலையாளத்திலா என்று கமிட்டியில் அடிபிடி. அந்தச் சமயத்தில் யார் எதை எழுதினாலும் அதில் எல்லைக்கல்லைத் தேடினார்கள். தமிழ்ப் பக்கத்துப் பையன்கள் சிலர் பள்ளிக்கூட வாசலில் என்னை மறித்தார்கள்.

"டீச்சரே, அந்தப் பறவைராசா மலையாளம் பேசினா எங்ஙன இருக்கும்? நாங்க நூறு பேருக்கு வாசிச்சுக் காட்டுகோம்."

"பறவை பறவைக்க பேச்சைப் பேசும். போங்கலே, போயி வேலையெப் பாருங்க" என்றேன். அன்றிலிருந்து அவர்களுக்கு நான் துரோகி.

கமிட்டிச் செக்ரட்டரி மறுபக்கம். கொப்பரை வியாபாரி, வெள்ளைச் சட்டை, வாசனைப் பவுடர். ஆராதனையை மலையாளத்துக்கு மாற்றினால்தான் பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷன். அவருக்கு என் கதையில் குளத்துக்கு அடியில் அகப்பட்டுக்கொண்ட மூன்று பேரும் தமிழர்களாகத் தெரிந்தார்கள். மேலே வர வழிதேடுகிறார்களே, அது எல்லைக் கிளர்ச்சியாம். அட கஷ்டகாலமே! ரெண்டு பக்கத்துக்காரனும் ஒரே கதையை வாசித்து ரெண்டு பேரும் என்மேல் பாய்ந்தால் நான் எந்தப் பக்கம் ஓட?

இந்த ரெண்டு பக்கத்துக்கு நடுவே என் மாமா பட்ட அடி ஒன்று உண்டு. அதைச் சொன்னால்தான் மீதி விளங்கும். எங்கள் வீட்டுக்குக் கீழே வயலை வெட்டிக்கொண்டு ஒரு தோடு ஓடும், சின்ன ஓடைதான். தோட்டுக்கு அக்கரையில் சபையிலேயே பெரிய தமிழ்ப் பக்கத்துக் குடும்பம். இக்கரையில் செக்ரட்டரியின் குடும்பம். ஒரு வாரம் அக்கரை வீட்டில் குடும்ப செபம். அந்த வீட்டுப் பெரியவர் கேட்டுக்கொண்டார் என்று, தாலூகா தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று மாமா உருக்கமாக செபம் பண்ணினார். மறுநாள் செக்ரட்டரி வீட்டில் செபம். அங்கே, தாலூகா இங்கேயே நிற்கவேண்டும் என்று அதே உருக்கத்தோடு செபம் பண்ணினார். ரெண்டு வீட்டிலும் வேலைக்குப் போகிறவள் ஒரே ஒருத்தி. அதை யோசிக்கவேண்டாமா ஒரு மனுஷன்? விடிவதற்குள் ஊர் பூராவும் தெரிந்துவிட்டது. ரெண்டு வீட்டுக்காரர்களும் பிடியரிசியை நிறுத்தினார்கள். மாமா தோட்டுப் பாலத்தில் நடந்து போனால், 'உபதேசியாரே, இண்ணைக்கு எந்தக் கரைக்கு செபம்?' என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் உள்ளுக்குள் சிரித்தேன். அந்த மனுஷனுக்கு நன்றாக வேண்டும் என்றே நினைத்தேன்.

ஓணம் கழிந்த சமயம், கமிட்டி என்னைக் கூப்பிட்டது. ஆராதனை முடிந்து சபைக்குள்ளேயே பெஞ்சை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமாவும் ஓரத்தில் இருந்தார், என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"டீச்சரே, ஒரு உபதேசியாருக்க செபம் பறக்கல்லன்னு பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுத்தா, நாளைக்கு அதுவ சபைக்கு வருமா?" என்றார் செக்ரட்டரி.

"கதையாக்கும் அது."

"கதை எண்ணு பறஞ்ஞா போதுமோ? ஆளுக செபத்துல கூரையெப் பாக்குது. எல்லாம் இவருக்க வீட்டுக்குள்ள இருந்தாக்கும் வருது" என்று மாமா பக்கம் கையைக் காட்டினார்.

தீர்ப்பையும் அங்கேயே சொன்னார்கள். கிறிஸ்துமஸ் இதழுக்குள் உபதேசியாருடைய பறவை பறந்துவிடவேண்டும். அவர் மனந்திரும்பி, விசுவாசத்தில் பலப்பட்டு, பிள்ளைகளோடு வீடு வந்து சேரவேண்டும். இல்லையென்றால் ஓய்வுநாள் பள்ளி எனக்குக் கிடையாது. மாமாவுக்கும் இந்தச் சபை கிடையாது, ஐயரிடம் சொல்லி மலையடிவாரத்தில் எங்கேயாவது தூக்கிப் போடுவார்கள். அந்த வயதில் அவருக்கு அது சாவுக்குச் சமம். அவர் பிறந்த சபை இது, அவருடைய மனைவியை அடக்கின கல்லறைத் தோட்டம் இங்கேதான்.

நான் வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். கோபம் தணியவில்லை. அரிசியை முறத்தில் கொட்டி, களையும் முன்னே ஒரு பிடி அள்ளிப் பிடியரிசிப் பானையில் போடும்போது மாமா அடுக்களை வாசலில் வந்து நின்றார். அந்த மனுஷன் அடுக்களைப் பக்கம் வந்ததே கிடையாது.

"பறக்க வையி" என்றார்.

"வைக்கமாட்டேன்."

"எனக்க சபை போவும் பிள்ளே."

"போட்டும். அந்தக் கொப்பரைக்காரனுக்குப் பயந்து நான் எழுத மாட்டேன்."

"ஒரு பறவைதானே? உனக்க கையிலதானே இருக்கு? எழுதினாப் பறக்குது. என்னத்துக்குப் பறக்கல்லங்கே? காரணம் சொல்லு."

காரணம் என்று ஒன்று என்னிடம் இல்லை. ஆனால் அவரை நோகடிக்கவேண்டும் என்று நாக்கு துடித்துக்கொண்டிருந்தது. "அவருக்க செபத்துல ஆளு இல்லெ மாமா. வாயி மட்டும் உண்டு. வாயி மட்டும் சொன்னா எங்ஙன பறக்கும்?" என்றேன்.

திருப்பித் திட்டுவார் என்று நினைத்து அடுத்த வார்த்தையையும் தயாராக வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. முகம் வெளிறிப்போய் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"எவன் சொன்னான் உன்கிட்டெ?"

"என்னதெ?"

"நான் யாரிட்டெயும் சொல்லல்லியே. உனக்கு எங்ஙன தெரியும்?"

அவர் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, என்னிடம் இல்லை அடுப்பிடம் சொல்லுகிற மாதிரி பேசினார்.

"அக்கரை வீட்டுல தமிழ்நாட்டோட சேரணும்னு கேட்டேன். கண்ணீரு வந்துது பிள்ளே, நிசமாட்டு வந்துது. மறுநாளு இக்கரையில, இங்ஙனதான் நிக்கணும்னு கேட்டேன். அப்பமும் வந்துது. ரெண்டுக்கும் அதே கண்ணீரு, அதே சத்தம். பொறவு ஒருநாளும் வரல்லெ. கண்ணெ மூடினா இருட்டுதான் இருக்கு. யாரிட்டெப் பேசுகேன்னே தெரியல்லெ. வாயி பழக்கத்துல சொல்லுது. சவம் அடக்கும்போதும் அதுதான் சொல்லுது."

அடுப்பில் உலை கொதித்து மூடி தட்டிக்கொண்டிருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

"எழுது பிள்ளே" என்றார். "கமிட்டிக்கு வேண்டாம். அவனுக்கு எங்ஙன பறந்துதுன்னு எழுது. நான் வாசிச்சுப் பாக்கணும்."

அதுவரைக்கும் யாரும் என்னிடம் அப்படி எதையும் கேட்டதில்லை. பிள்ளைகள் அடுத்து என்ன என்று கேட்பார்கள், பெரியவர்கள் ஏன் இப்படி என்று கேட்பார்கள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"எனக்குத் தெரியாது மாமா."

அவ்வளவுதான், அவருக்குப் பழைய கோபம் திரும்ப ஏறிவிட்டது. "தெரியாம பின்னெ என்னத்துக்குத் தொடங்கினே? ஒரு மனுசனெக் கொண்டு குளத்துல தள்ளீட்டு, தெரியாதுன்னு கையெ விரிக்கிறியா?" என்று கத்தினார். நானும் கத்தினேன். யாருடைய வீட்டுக்கு எவள் வந்து எதைக் கெடுத்தாள் என்று தொடங்கி, என் அப்பன் ஆத்தாள் வரைக்கும் போயிற்று. சண்டைக்கு நடுவே உலையில் போட்ட அரிசி குழைந்தே போயிற்று, ரெண்டு பேரும் அதைத்தான் தின்றோம்.

அதற்குப் பிறகு அந்த ஒரு அத்தியாயத்தை எழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கஞ்சி குடிக்கப் போன நேரத்தில் எழுதுவேன். ஒரு தடவை தேவதூதனைக் கொண்டுவந்தேன், கிழித்தேன். இன்னொரு தடவை தங்கச்சிக்குக் காய்ச்சல் வரவைத்து, அவர் பதறி செபித்ததும் கழுத்து நீண்ட நாரை ஒன்று பறந்ததாக எழுதினேன். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதை எழுதினாலும் மாமா வாசற்படியில் உட்கார்ந்து அதை வாசிக்கிறது கண்ணில் வந்துவிடும். அந்த மனுஷனுக்கு முன்னால் அந்த நாரை நிற்காது. அதையும் கிழித்தேன். கடைசியில், உபதேசியார் சின்னவளைத் தோளில் தூக்கிக்கொண்டு சதுப்பைக் கடக்கிறார், செபிக்கவில்லை, சஞ்சியில் இருக்கிற அரிசியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறார் என்று எழுதி நாகர்கோவிலுக்கு அனுப்பினேன். பறவை இல்லை.

மாமாவிடம் சொன்னேன். "கஞ்சியாவது ஒழுங்கா வெந்துதா?" என்று மட்டும் கேட்டார். அது குத்தலா, வேறு ஏதாவதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதற்குள் நவம்பரில் எல்லை போட்டுவிட்டார்கள். தெற்கே விளவங்கோட்டோடு கோடு நின்றது, நாங்கள் இந்தப் பக்கம், கேரளத்தில். நாகர்கோவில் வேறு ராஜ்யம். அக்கரை வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. இக்கரையில் பாயசம். 'உபதேசியாருக்க ரெண்டு செபத்துல ஒண்ணு ஆண்டவருக்குக் கேட்டுப்போச்சு' என்று செக்ரட்டரி வீட்டு வாசலில் நின்று சிரித்தார்கள். மாமா காதில் விழத்தான் சிரித்தார்கள். அவர் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போனார், மழை ஒன்றும் இல்லை.

கிறிஸ்துமஸ் இதழ் வந்தது. பள்ளிக்கூடத்தில் தபால்காரர் கையிலிருந்து வாங்கி அங்கேயே நின்று பிரித்தேன். கதைத் தலைப்பு என்னுடையது. கீழே போட்டிருந்த பெயர் என்னுடையது. உள்ளே ஒரு வரி என்னுடையது இல்லை. உபதேசியார் முழங்காலில் விழுகிறார், கண்ணீர் விடுகிறார், தன் அவிசுவாசத்தை அறிக்கை பண்ணுகிறார். அவர் வாயிலிருந்து பளீரென்று ஒரு வெள்ளைப் புறா பறந்து போகிறது. குளம் திறக்கிறது. எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டு ஆலயத்துக்குள் போகிறார்கள். முற்றும். எங்கள் கமிட்டியிலிருந்து புகார் போயிருக்கிறது, பத்திரிகை நடத்தினவர் பயந்துபோய்த் தானே உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டார். அதுவும் புறா! அந்த நாட்டில் நான் ஒரு புறாவைக்கூட விட்டது கிடையாது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பத்திரிகையை அடுப்பில் வைத்திருப்பேன். மாமா கேட்டாரே என்று கொண்டுவந்து மேசையில் எறிந்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். மெதுவாக வாசித்தார். முடித்ததும் முதல் பக்கத்துக்குப் போய் இன்னொரு தடவை வாசித்தார். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் மீதி எங்கேயாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

"இது நீ எழுதினது இல்லியே" என்றார்.

"இல்லெ."

"பின்னெ?"

"அவங்களே எழுதீட்டாங்க. உங்களுக்குச் சபை கிடைச்சாச்சு மாமா, சந்தோசப்படுங்க" என்றேன், வாயில் கசப்பு ஊறிக்கொண்டு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து, அது முழுக்கச் சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு. கமிட்டி கேட்டபடி பறவை பறந்துவிட்டதே, மாமாவை மாற்றுகிற பேச்சு நின்றுவிட்டது. செக்ரட்டரிக்கு ஒரே கொண்டாட்டம். ஆராதனை முடிந்து ஓய்வுநாள் பள்ளியில் அந்தக் கதையைத் தானே பிள்ளைகளுக்கு வாசிக்கிறேன் என்று உட்கார்ந்தார். பிள்ளைகள் பாயில் நெருக்கி அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்னால் சன்னல் ஓரத்தில் இருந்தேன். அன்றைக்கு எனக்கு அங்கே வேலை இல்லை, இருந்தாலும் என் பெயரைப் போட்டு என்ன வாசிக்கிறார்கள் என்று கேட்காமல் போக மனம் வரவில்லை. மாமா வாசலில் குடையும் கையுமாக நின்றார்.

புறா பறந்த இடம் வந்ததும் பிள்ளைகள் எல்லாம் எழும்பிக் கைதட்டின. எத்தனை மாசம் காத்திருந்தவை! ஒரு சின்னப் பெண் முழங்காலில் எம்பி, "சத்தியமாட்டுப் பறந்துதா சாரே?" என்று கேட்டாள்.

"பறந்நல்லோ! உபதேசியாருக்கு விசுவாசம் திரும்பக் கிட்டியாச்சு" என்றார் செக்ரட்டரி.

"இல்லெ."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பாயின் ஓரத்தில் அந்தப் பெண்ணுக்கு நேரே குனிந்தார்.

"இல்லெ மக்கா. அது பொய்யி. உபதேசியாருக்கு இன்னும் பறக்கல்லெ."

"உபதேசியாரே, இது கதையாக்கும்" என்று செக்ரட்டரி பல்லைக் கடித்தார்.

"கதைதான். ஆனா ஆளு நானாக்கும். எனக்குப் பறக்கல்லெ. பறந்திருந்தா நான் அறிஞ்சிருப்பேனே."

பின்பெஞ்சில் நின்ற பெரியவர்கள் ஒவ்வொருத்தராக முன்னே வந்தார்கள், அக்கரை வீட்டுக்காரர், இக்கரை வீட்டுக்காரர் எல்லாருந்தான். உபதேசியார் என்கிற மனுஷன் சபைக்கு நடுவே நின்று தனக்கு செபம் வரவில்லை என்று சொல்லிவிட்டார். இதற்குமேல் அவரை யாரும் காப்பாற்ற முடியாது. அது அவருக்கும் தெரியும். கல்லறைத் தோட்டத்துப் பக்கச் சன்னலை ஒருதரம் பார்த்தார், பிறகு திரும்பப் பிள்ளையைப் பார்த்தார்.

அந்தப் பெண்ணுக்கு உதடு பிதுங்கியது. "அப்பம் இனி பறக்காதா?"

"தெரியாது மக்கா. பறந்தா உன்னட்டெத்தான் முதல்ல வந்து சொல்லுவேன்."

செக்ரட்டரி மேசையில் ஓங்கி அடித்தார். "போதும். எல்லாரும் எழும்பிக் கண்ணெ மூடுங்க, செபிப்போம்" என்று கத்தினார். எங்கள் சபையில் அந்த வார்த்தையைக் கேட்டால் சண்டைக்கு நடுவிலும் கண் தானாக மூடிக்கொள்ளும். எல்லாரும் மூடினார்கள். வழிதப்பிப்போன ஊழியக்காரனுக்காகவும், சின்னஞ்சிறுசுகளுக்கு இடறலாக எழுதுகிற ஸ்திரீக்காகவும் செக்ரட்டரி ஆண்டவரிடம் முறையிடத் தொடங்கினார். செபம் இல்லை அது, கல்லெறிதான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கண்ணைத் திறந்துவிட்டேன்.

மாமாவும் திறந்துதான் வைத்திருந்தார். அத்தனை மூடின கண்களுக்கு நடுவே அவர் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன்.

"எழும்பி வா பிள்ளே" என்றார், செபத்துக்கு நடுவே, சத்தமாகவே. "சோறு ஆறிப்போவும்."

ஆமென் சொல்லும் முன்னே எங்கள் சபையில் ஒருத்தரும் வெளியே போனதில்லை. காய்ச்சலில் விழுந்தவனைக்கூட ஆமென் சொன்னபிறகுதான் தூக்குவார்கள். நான் பாயை மிதித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்ற பிள்ளைகளைத் தாண்டி, அவர் பின்னால் போனேன். செக்ரட்டரியின் குரல் எங்களைத் துரத்திக்கொண்டு ஓங்கி ஓங்கி வந்தது. மாமா படி இறங்கிச் செருப்பை மாட்டினார், தொண்டையைக் காறி வேலிப்பக்கம் துப்பினார்.

"புறாவாம், புறா" என்றார்.